ரைஸ்மில் ஜெயில்

மே 3, 1993

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தெருவில் காய்ந்துகொண்டிருந்தபோது புரொடக்‌ஷன் மேனேஜர் கோதண்டம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இந்த மனிதரை வெகு காலமாக எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே வந்தால் நம்பக் கூடாது என்பதும் தெரியும்.

"ஜெயசீலிம்மா, உங்களுக்குன்னே ஒரு வேஷம். ஜெயிலர். படம் முழுக்க வர்றீங்க. காக்கி உடுப்பு, தொப்பி, கையில பிரம்பு."

"என்ன கதை?"

"பொம்பளைங்க ஜெயில். தப்பே பண்ணாத பொண்ணுங்களை உள்ள போட்டுச் சித்திரவதை பண்றாங்க. கடைசியில எல்லாரும் சேர்ந்து ஜெயிலையே உடைச்சிட்டு வெளிய வர்றாங்க. சமூகப் படம்மா. மெசேஜ் இருக்கு."

இதுவரை வில்லனின் மனைவி, கொடுமைக்கார நாத்தனார், அனாதை விடுதிக் கணக்குப்பிள்ளையின் சம்சாரம். கொண்டையும் அட்டிகையும் போட்டுக்கொண்டு கண்ணை உருட்டியதுதான் என் கலைச்சேவை. காக்கி என்றதும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆசை வந்தது. சரி என்று சொல்லிவிட்டுத்தான் படத்தின் பெயரைக் கேட்டேன்.

"கம்பிக்குள் காரிகை."

அப்போதே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். தெருவில் நின்றிருந்ததால் சாத்தக் கதவு இல்லை.

மே 7

செங்குன்றத்தைத் தாண்டி, மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ்மில். அதுதான் ஜெயில். சவுக்குக் கட்டைக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து நட்டுவைத்திருக்கிறார்கள். கம்பிகளாம். சாய்ந்தால் கையோடு வந்துவிடும். எங்கே கால் வைத்தாலும் பழைய உமித் தூசி கிளம்புகிறது. நெல் ஊறவைக்கும் பெரிய தொட்டி, நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம், பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் பெண்கள் உடை மாற்ற வேண்டும்.

கைதிகளின் உடையைப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளைப் பாவாடை. வயிற்றுக்கு மேல் முடிச்சுப் போடும் சட்டை.

டைரக்டர் பெயர் மதுகர். வெயில் இல்லாத இடத்திலும் கறுப்புக் கண்ணாடி. "எந்த ஊரு ஜெயில்ல சார் இப்படி உடுப்பு குடுக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"இது கற்பனை ஜெயில் மேடம்."

"அப்ப கற்பனையில கொஞ்சம் துணியும் சேர்த்திருக்கலாமே."

சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கைதிகளாக வந்திருக்கும் துணை நடிகைகளுக்கு வியாசர்பாடி கன்னியம்மாதான் தலைவி மாதிரி. என் காக்கியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யக்கா, உனுக்குத்தான்கா முழுசா துணி குட்த்துகிறானுங்க. ராசிக்காரி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பிரம்பைத் தரையில் அடித்துக்கொண்டு நகர்ந்தேன்.

மே 8

பல் வலி. கிராம்பு வைத்தும் அடங்கவில்லை. இன்று நான் கத்திய கத்தல் எல்லாம் நடிப்பு இல்லை.

மே 10

கதாநாயகி இன்றுதான் வந்தாள். போஸ்டரில் ஸ்வப்னா. நிஜப் பெயர் அங்கயற்கண்ணி. மதுரைக்காரி, இருபத்து மூன்று வயது. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் புடவை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்திருக்கிறாள். பள்ளிக்கூட நாடகத்தில் கண்ணகி வேஷம் கட்டினாளாம். அதிலிருந்து பிடித்த பைத்தியம்.

"நீங்கதானாக்கா என்னைய அடிக்கப் போறது?" என்று கேட்டாள். பயமே இல்லை.

"ஆமா."

"பாத்து அடிங்கக்கா. எங்கம்மா படம் பாப்பாக."

இந்தப் படத்தை உன் அம்மா பார்க்கப் போகிறாளா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கு எதற்கு? அவள் யார், நான் யார்? மதியம் அவளுக்குச் சோறு வைக்க மறந்துவிட்டார்கள். என் சாப்பாட்டில் பாதியைத் தள்ளினேன். பல் வலியில் எனக்கு மெல்ல முடியவில்லை என்பதால்தான்.

மே 11

இன்று அங்கயற்கண்ணி ஜெயிலரை எதிர்த்துப் பேசும் காட்சி. வசனம் இரண்டு பக்கம். 'பெண்மை, மென்மை, உண்மை' என்று எதுகையாக அடுக்கி வைத்திருந்தார்கள். டைரக்டருக்கு இந்தக் காட்சியில் அக்கறையே இல்லை. "சீக்கிரம் முடிங்கப்பா, அடுத்தது டான்ஸ்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். கேமராமேன் வில்லியம்ஸ் மட்டும் நிதானமாக லைட் வைத்தார்.

இந்தப் பெண் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"ஜவுளிக்கடையில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கணும். ஆளு இல்லாத நேரத்துலகூட உக்காரக் கூடாது. உக்காந்தா ஏசுவாய்ங்க. இங்க என்னைய உக்கார வச்சுட்டீங்க, எந்திரிக்கக் கூடாதுங்கிறீங்க. அது எந்த ஜெயிலு, இது எந்த ஜெயிலுன்னு எனக்கு வித்தியாசமே தெரியல மேடம். உங்களுக்குத் தெரியுதா? நீங்களும் காலையில இருந்து நின்னுக்கிட்டேதான இருக்கீங்க?"

அடுத்து நான் "வாயை மூடு" என்று கத்த வேண்டும். பிரம்பைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பி நடந்தேன். வில்லியம்ஸ் கட் சொல்லாமல் ஓடவிட்டார். முடிந்ததும் மில்லே கை தட்டியது. நானும் தட்டினேன் என்று கன்னியம்மா சொல்கிறாள். கொசு அடித்திருப்பேன்.

இத்தனை காலத்தில் நான் நடித்ததிலேயே அதுதான் நடிப்பு. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மே 13

பிரம்படிக் காட்சி. அடிக்கும்போது அவள் சட்டை முதுகில் கிழிய வேண்டும் என்றார் டைரக்டர். காலையில் அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். தையல்காரர் முதுகுத் தையலை நூலோட்டம் மட்டும் போட்டு விட்டிருக்கிறார். முதுகு மட்டும் இல்லை. முன்பக்கமும், தோளிலும். ஒரு இழுப்பு இழுத்தால் முழுச் சட்டையும் கையில் வந்துவிடும். அவளுக்கு அது தெரியாது.

மதிய இடைவேளையில் எனக்குப் பொழுது போகவில்லை. மேக்கப் பெட்டியில் ஊசி நூல் இருந்தது. முன்பக்கத்தையும் தோளையும் இரட்டை நூலால் கெட்டியாகத் தைத்து வைத்தேன்.

காட்சியில் அடியாள் நடிகன் பிடித்து இழுத்தான், இழுத்தான். சட்டை வரவில்லை. அவள்தான் அவனோடு சேர்ந்து இழுபட்டு வந்தாள். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருய்யா இதைத் தச்சது?"

நான் பிரம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விரலில் ஊசி குத்தின இடம் இப்போதும் வலிக்கிறது.

மே 14

நாசரேத்தில் தங்கை மகளுக்குக் கல்யாணம். பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. "வந்தா சந்தோஷம்தான், வரலைன்னாலும் புரிஞ்சுக்கிடுவோம்" என்றாள் தங்கை. வரலைன்னாலும் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது. எழுபத்தெட்டுக்குப் பிறகு நான் ஊர்ப்பக்கம் போகவில்லை. பஸ் பிரயாணம் ஒத்துக்கொள்வதில்லை.

மே 15

பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. ஆத்திரத்தில்தான்.

இன்று குளியல் காட்சி. கைதிகள் எல்லோரும் தொட்டியில் குளிக்க வேண்டும். "கழுத்துக்கு மேலதான்மா எடுப்போம். என் தங்கச்சி மாதிரி நீங்க எல்லாம்" என்று டைரக்டர் சத்தியம் செய்தார். அங்கயற்கண்ணி என்னிடம் வந்து, "நீங்க கூட இருப்பீகல்லக்கா?" என்றாள். எனக்கு அந்தக் காட்சியில் வேலையில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றேன். கார் வர நேரமானது. அதனால் இருந்தேன்.

காட்சி ஒழுங்காகத்தான் நடந்தது. கழுத்துக்கு மேல்தான் எடுத்தார்கள். "பேக்கப்" என்று சத்தமாகச் சொன்னார்கள். லைட்டை அணைத்தார்கள். பெண்கள் எல்லோரும் ஈரத்தோடு தகரக் கொட்டகைக்குள் உடை மாற்றப் போனார்கள். நான் கொட்டகை வாசலில் காற்றுக்காக நின்றிருந்தேன்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கிர்ரென்று, அடைத்த காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி. கேமரா ஓடுகிற சத்தம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பேக்கப் சொன்ன பிறகு எந்தக் கேமரா ஓடும்?

கொட்டகையின் பின்பக்கம் போனேன். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் இரண்டாவது கேமரா. வில்லியம்ஸ் இல்லை, முன்பின் பார்க்காத ஒருவன். தகரத்தில் ஆணி பிடுங்கிய இடத்தைப் பெரிதாக்கி லென்ஸை வைத்திருந்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு மதுகர்.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. கேமராவைக் காலால் உதைத்தேன். அது சாயவில்லை, கால்தான் வீங்கியிருக்கிறது. மதுகர் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே இருந்த பெண்கள் வழக்கமான ஷூட்டிங் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

"மேடம், நீங்க சீனியர். உங்களுக்குத் தெரியாததா? இது சும்மா நாலு ஊருத் தியேட்டருக்கு, நடுவுல சேர்த்து ஓட்ட. எந்த மூஞ்சியும் தெரியாது."

"மூஞ்சி தெரியாதுன்னு யார் சொன்னது?"

"சத்தியமா மேடம்."

மூஞ்சி தெரியும். எல்லா ஊரிலும் தெரியும். சொந்த ஊரில் இன்னும் நன்றாகத் தெரியும்.

மே 16

ஞாயிறு. ஆராதனைக்குப் போனேன். பாட்டு எதுவும் வாயில் வரவில்லை.

மே 17

தொழிலில் செல்வாக்குள்ள மனிதர் சிங்காரம். பெரிய படங்கள் எடுத்தவர். அவரிடம் போய்ச் சொன்னேன். மோர் கொடுத்தார். முழுவதையும் கேட்டார். பிறகு, "நீயும் அந்தப் படத்துலதானம்மா நடிக்கிற?" என்றார்.

மோரைக் குடிக்காமல் வந்தேன். வழியெல்லாம் அந்த ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மே 18

அங்கயற்கண்ணியையும் கன்னியம்மாவையும் காலை டிபனுக்கு என் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். உப்புமா செய்தேன். அடிப்பிடித்துவிட்டது. அதைக் கிளறிக்கொண்டே சொன்னேன். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கன்னியம்மா முதலில் நம்பவில்லை. பிறகு மதுகரின் பரம்பரையையே இழுத்து ஏசினாள். அங்கயற்கண்ணி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, தியேட்டர்ல ஓடுனா என்ன ஆகும்?"

"அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். பேசறதை நிறுத்திடுவார். கோயில்ல உன் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. தங்கச்சிக்கு மாப்பிள்ளை வரும், நீ இல்லாத நேரமாப் பாத்து வரும். ஊருல சின்னப் பசங்ககூடச் சிரிப்பானுங்க."

"உங்களுக்கு எப்புடிக்கா இவ்வளவு தெரியும்?"

"தெரியும்."

பிறகு அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். வியர்வையாக இருந்தது. எனக்கு அதெல்லாம் பிடிக்காது. விடவில்லை.

கன்னியம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிலிமு எங்கக்கா கீது?" என்றாள்.

மில்லின் பழைய ஆபீஸ் அறையில் இருக்கிறது. எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக. கடைசி நாள் ஷூட்டிங் முடிந்துதான் லேபுக்குப் போகும். கழுவாத பிலிம். வெளிச்சம் பட்டால் தீர்ந்தது.

"எந்தப் பெட்டின்னு தெரியுமா?" என்று கன்னியம்மா கேட்டாள்.

"தெரியாது. மேல என்ன எழுதியிருந்தாலும் நம்ப முடியாது."

அங்கயற்கண்ணி என் கையை விட்டாள். எனக்குத் தெரியும், எதை நினைக்கிறாள் என்று. அவள் பேசிய அந்தக் காட்சியும் அங்கேதான் இருக்கிறது. என் காட்சியும்.

"எங்கம்மாவுக்கு அதைத்தான்க்கா காட்டணும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "எல்லாத்தையும் தொறந்துருவோம்" என்றாள். மற்றப் பெண்களிடம் கன்னியம்மா சொல்லிவைப்பதாக ஏற்பாடு.

மே 20

கடைசிக் காட்சி. கைதிகள் கலகம். கம்பிகளை உடைத்துக்கொண்டு பெண்கள் ஓடிவந்து ஜெயிலரை அடித்துப் போட வேண்டும். உச்சி வெயில். களம் சிமெண்டுத் தோசைக்கல்லாகக் கொதித்தது. மதுகர் மைக்கில் கத்தினார்: "கோபம் பத்தாது! நிஜமான கோபம் வேணும்! உங்களுக்குக் கொடுமை நடந்திருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க!"

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆக்‌ஷன் என்றார். சவுக்குக் கம்பிகள் மொத்தமாகச் சாய்ந்தன. பெண்கள் ஓ என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். என் மேல் விழவில்லை. என்னைத் தாண்டி ஓடினார்கள். நானும் திரும்பி அவர்களோடு ஓடினேன். பின்னால் மதுகர், "சூப்பர்! சூப்பர்! கேமரா பேன் பண்ணு!" என்று கத்துவது கேட்டது.

ஆபீஸ் அறையில் பூட்டு. கன்னியம்மாவும் மற்றவர்களும் ஒரு சவுக்குக் கட்டையைத் தூக்கி வந்து இடித்தார்கள். கதவு பழசு. நிலையோடு பெயர்ந்தது. அப்போதுதான் அந்த மனிதருக்குப் புரிந்திருக்க வேண்டும். மைக்கில் சத்தமே இல்லை.

தகரப் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு களத்துக்கு ஓடிவந்தோம். சுற்றியிருந்த டேப்பைப் பல்லால் கடித்துப் பிய்த்தோம். கறுப்புப் பையைக் கிழித்தோம். உள்ளே பிலிம் சுருள் பழுப்பாக, வழவழவென்று, பாம்புக் குட்டி மாதிரி. ஒருத்தி முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருத்தி சுருளோடு களத்தின் மறுகோடிக்கு ஓடினாள். கோதண்டம் ஒருத்தியின் கையைப் பிடிக்க வந்தார். நான் பிரம்பை ஓங்கினேன். நின்றுவிட்டார். என் முகத்துக்கு அவர் பயந்ததை முதல்முறை பார்த்தேன்.

வில்லியம்ஸ் மட்டும் அசையவில்லை. தன் கேமராவை நிறுத்திவிட்டு, அதற்குள் இருந்த பிலிமையும் எடுத்து வெளியே வைத்தார். தன் உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார்.

கடைசிப் பெட்டி அங்கயற்கண்ணி கையில் இருந்தது. அதன் மேல் 'வசன சீன்' என்று எழுதியிருந்தது. நிஜமாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம், அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை. ஆண்டவருக்குத்தான் தெரியும்.

"தொற" என்றேன்.

திறந்தாள். முழுவதையும் இழுத்து வெயிலில் போட்டுவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் அழுதாள்.

போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் களத்தைப் பார்த்துவிட்டு மதுகரிடம் கேட்டார், "பிலிம்ல என்னய்யா இருந்துது?"

"பாட்டு சீன் சார்."

"ஆமா சார்," என்றாள் கன்னியம்மா. "நாங்க துணி மாத்தற பாட்டு."

மதுகர் புகார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நீங்க குடுக்கிறீங்களாம்மா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் எங்களைக் கேட்டார். கொடுக்கிறோம் என்றேன். ஆதாரம் கேட்டார். ஆதாரம் எங்கள் காலடியில் வெந்துகொண்டிருந்தது.

மே 29

யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று. அங்கயற்கண்ணி மதுரைக்குப் போகவில்லை. என் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். வேறு இடம் கிடைக்கும் வரைக்கும்தான். தண்ணீர் பிடிக்க ஒரு ஆள் ஆயிற்று.

ஜூன் 9

கன்னியம்மா காலையில் ஓடிவந்தாள். பொன்னேரி ரோட்டில் ஒரு குடோனில் அதே படத்தை மதுகர் மறுபடி தொடங்குகிறாராம். புதுப் பெண்கள். யாரையும் நமக்குத் தெரியாது.

நான் செருப்பைப் போட்டேன். அங்கயற்கண்ணி எனக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கையில் அதே வெள்ளை உடை. கேட்டில் நின்றவன் எங்களைத் தடுப்பதற்குள் அங்கயற்கண்ணி அவர்கள் நடுவில் போய்விட்டாள்.

"நீங்க யாரு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"போன தடவ இந்தப் படத்துக்கு நாந்தாங்க கதாநாயகி. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் கேட்டுட்டுப் போங்க."

சொன்னாள். ஒளிக்காமல், தலையைக் குனியாமல் சொன்னாள். சிலர் கேட்டார்கள். சிலர் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒருத்தி, "எல்லாம் தெரியும்க்கா, வீட்டுல கஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பேர் உடையைக் கேட்டுக்காரன் கையில் திணித்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். கேட் சாத்தப்பட்டது.

இவ்வளவுதானா என்று இருந்தது. ரெண்டு பேர். திரும்பிப் போகலாம் என்று கன்னியம்மா சொன்னாள். எனக்குக் கால் நகரவில்லை. ரோட்டோரம் கிடந்த அரைச் செங்கல்லை எடுத்தேன். கேட்டில் அடித்தேன். தகரக் கேட். நல்ல சத்தம். அங்கயற்கண்ணி ஒரு கல் எடுத்தாள். கன்னியம்மா செருப்பைக் கழற்றினாள். அந்த இரண்டு புதுப் பெண்களும் வெறுங்கையால் அடித்தார்கள்.

எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து கேட்டாள்.

"என்னாச்சும்மா? உள்ள என்ன நடக்குது?"

அங்கயற்கண்ணி வாயைத் திறந்தாள். நான் அவள் தோளில் கை வைத்து நிறுத்தினேன்.

"என் பேரு ஜெயசீலி" என்றேன். "சொந்த ஊரு நாசரேத்து. எழுபத்தெட்டுல, குத்தாலத்துல ஒரு ஷூட்டிங்ல, எனக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொல்றேன். கேளுங்க."